விழுக்காட்டில் அடங்குமா வாய்மை?

கல்வி என்பது நம்பிக்கையின் மீது எழுப்பப்படும் கட்டடம். ஓர் ஆய்வாளர், "இதை நான் கண்டேன், இத்தனை பேரிடம் கேட்டேன், இந்த ஏட்டில் இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது" என்று எழுதும்போது, படிப்போர் எவரும் அவருடைய இல்லத்துக்குச் சென்று குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அவர் சொல்லை நம்பி, அதன் மேல் தம் கல்லை அடுக்குகின்றனர். அவர் கண்ட மருந்தளவை நம்பி மருத்துவர் சீட்டெழுதுகிறார். அவர் கணக்கிட்ட வலிமையை நம்பிப் பொறியாளர் பாலம் கட்டுகிறார். அவர் குறித்த ஆண்டை நம்பி ஆசிரியர் வகுப்பில் வரலாறு நடத்துகிறார். ஆகவே ஆய்வேடு என்பது ஒரு சாட்சியம். பொய்ச் சாட்சி சொன்னவனை நீதிமன்றம் எவ்வாறு கருதுமோ, அவ்வாறே ஆய்வில் பொய்யுரைத்தவனைக் கல்வியுலகம் கருத வேண்டும். இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆயின் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இன்று நடப்பதென்ன? பிறர் எழுத்தைத் தமதென்று காட்டுவது முறையா என்ற கேள்வி மறைந்து, எத்தனை விழுக்காடு வரை காட்டலாம் என்ற கேள்வி முன்னே வந்து நிற்கிறது. சந்தையில் எடைக்கல்லுக்குப் பேரம் பேசுவது போல் வாய்மைக்குப் பேரம் பேசப்படுகிறது. இதைக் கண்டும் காணாதிருப்பது நம்மால் இயலாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கல்வி நேர்மையை வளர்க்கவும் கருத்துத் திருட்டைத் தடுக்கவும் என்று விதிகளை வெளியிட்டது. நோக்கம் நல்லதே. அதற்கு முன்னர் நாடு முழுமைக்கும் இத்தகைய பொது விதி ஏதும் இல்லாதிருந்த குறையை அது நீக்கியது. ஆய்வேட்டைக் கணினி மென்பொருளில் இட்டு, பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளக்க வேண்டும். பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை முதல் நிலை. நாற்பதுக்கு மேல் அறுபது வரை இரண்டாம் நிலை. அறுபதுக்கு மேல் மூன்றாம் நிலை என்று அவ்விதிகள் வகுத்தன. மேற்கோள் காட்டி எடுத்தவற்றை இக்கணக்கில் சேர்க்கலாகாது என்றும் அவை கூறுகின்றன.

இங்கேதான் நாம் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. கணினி அளப்பது எதனை? சொல்லோடு சொல் ஒத்திருப்பதை மட்டுமே. திருட்டு என்பதோ சொல்லில் மட்டுமா இருக்கிறது? கருத்தைக் களவாடிச் சொல்லை மாற்றியவனை அது அறியுமா? செய்யாத ஆய்வைச் செய்ததாக எழுதியவனை அறியுமா? காசு கொடுத்து எழுதி வாங்கியவனை அறியுமா? மாணவன் உழைப்பின் மேல் தன் பெயரை எழுதிக்கொண்ட ஆசானை அறியுமா? ஒன்றையும் அறியாது. அறியாத கருவியிடம் தீர்ப்பை ஒப்படைத்துவிட்டு, அது தந்த சீட்டை ஆய்வேட்டின் பின்னால் இணைத்துவிட்டால் நேர்மை நிலைநாட்டப்பட்டுவிட்டதாக எண்ணுவது பேதைமையன்றோ!

நெதர்லாந்து நாட்டில் நடந்ததொன்றைச் சொல்வோம். தில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடரிக் ஸ்டாபல் என்பவர் சமூக உளவியல் பேராசிரியராக இருந்தார். புகழ் மிக்கவர், துறைத் தலைமைக்கும் உயர்ந்தவர். 2011 ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுகளில் பல வெறும் கற்பனை என்பது வெளியாயிற்று. எந்தப் பள்ளியிலும் எவரிடமும் கேட்காமலேயே, தம் மேசையின் முன் அமர்ந்து, மக்கள் அளித்ததாக விடைகளைத் தாமே எழுதிக் கொண்டிருக்கிறார். அதனினும் கொடுமை, அந்தப் பொய்க் கணக்குகளைத் தம் மாணவர்களிடம் கொடுத்து, அவற்றைக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்யவும் விட்டிருக்கிறார். அவருடைய கட்டுரைகளுள் 58 பின்னர் திரும்பப் பெறப்பட்டன. அவரும் தம் முனைவர் பட்டத்தைத் திருப்பியளித்தார். இந்தக் கட்டுரைகளை நம் மென்பொருளில் இட்டால் என்ன வந்திருக்கும்? அனைத்தும் அவருடைய சொந்தச் சொற்கள், சொந்தக் கற்பனை. 'குற்றமில்லை' என்ற சீட்டே வந்திருக்கும்! அவரைக் காட்டிக் கொடுத்தது எந்திரமன்று. அவரருகில் பணியாற்றிய இளம் ஆய்வாளர் மூவர். வளமான எதிர்காலத்தைப் பணயம் வைத்து அவர்கள் வாய் திறந்தனர். நேர்மையைக் காத்தது மனித மனச்சான்று.

நம்மூர் நிலையை நோக்குவோம். தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகள் பல, நெடுங்காலம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே தட்டச்சு செய்யப்பட்டன. அவை திரையில் நமக்குத் தமிழாகத் தெரியினும், கணினியின் உள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே கிடக்கும். ஒருங்குறியில் இருக்கும் நூலோடு அதனை ஒப்பிட்டால் ஒற்றுமை எங்ஙனம் தெரியும்? அரபு நூலொன்றிலிருந்தோ ஆங்கில நூலொன்றிலிருந்தோ ஓர் இயலை அப்படியே மொழிபெயர்த்துத் தன் பெயரில் வைத்தவனையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் கருவி பெரும்பாலும் விட்டுவிடும். போதாக்குறைக்கு, 2022 ஆம் ஆண்டு இறுதியில் சாட்ஜிபிடி என்ற கருவி வெளிவந்த பின், கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் புதுச் சொற்களில் எழுதித் தரும் எந்திரங்கள் பெருகிவிட்டன. இல்லாத நூலுக்கும் பக்க எண் சொல்லி மேற்கோள் தரக்கூடியவை அவை. எந்திரம் எழுத, எந்திரம் சரிபார்க்க, நடுவில் பட்டம் பெறுபவர் மட்டும் மனிதர்!

எழுத்தின் மூலத்தைக் காட்டுவது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த நாகரிகம் என்று எண்ணுவோர் உளர். அது அறியாமை. தமிழிலக்கணத்தைத் திறந்து பாருங்கள். நூலை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று பிரித்தது நன்னூல். முன்னோர் நூலைப் பின்பற்றி எழுதுவதை அது இழிவாகக் கருதவில்லை. அதற்கென்று ஒரு பெயரையே கொடுத்தது. ஆனால் பாயிரத்தில் ஆக்கியோன் பெயரையும், நூல் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும் என்று விதித்தது. யார் எழுதினார், எதிலிருந்து எடுத்தார் என்ற இரண்டையும் முன்வாயிலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வா என்பது அதன் கட்டளை. வழி நூல் எழுதியவன் குற்றவாளியல்லன். வழி நூலை முதல் நூலென்று காட்டியவனே குற்றவாளி.

அரபுக் கல்வியின் மரபோ இதனினும் கண்டிப்பானது. நபிமொழி ஒன்றைச் சொல்ல வருபவர், அதை எவரிடம் கேட்டார், அவர் எவரிடம் கேட்டார் என்று சங்கிலித் தொடராகச் சொல்ல வேண்டும். அதுவே 'ஸனது'. தொடரில் வலுவற்ற ஒருவரை மறைத்து, வலுவுள்ளவரிடம் நேரே கேட்டது போலத் தோன்றச் செய்வதற்குத் 'தத்லீஸ்' என்று பெயரிட்டனர். பொய் ஒரு சொல்லும் இல்லாமலே ஏமாற்ற முடியும் என்பதை உணர்ந்தவர்களே அதற்கொரு பெயர் வைக்க முடியும். மற்றவருக்கு மட்டுமே கிடைத்த அறிவிப்பைத் தாமே கேட்டதாகச் சொன்னவரை 'ஹதீஸைத் திருடுபவர்' என்றே பதிவு செய்து ஒதுக்கினர். பிற்காலத்தில், ஹிஜ்ரி 911-இல், அதாவது 1505-இல் மறைந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி அவர்கள், நூலாசிரியனுக்கும் திருடனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதற்கென்றே தனியொரு சிறு நூல் எழுதினார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நோய் இருந்தது. அதைத் திருட்டென்று அழைக்கும் துணிவும் இருந்தது.

டமாஸ்கஸ் போன்ற நகரங்களில் நூல்களைப் பாடம் கேட்ட மாணவர்களுக்கு அந்நூலின் ஏட்டிலேயே சான்று எழுதினர். யார் யார் வந்தனர், எந்த இடம், எந்த நாள் என்பவற்றோடு, இன்னார் இன்ன பகுதியைக் கேட்கத் தவறினார் என்பதும் அவற்றில் குறிக்கப்பட்டது. கேட்காத பாடத்துக்குச் சான்று இல்லை! இன்றைய சான்றிதழ்களில் பொன்னெழுத்து மின்னுகிறது. தவறவிட்ட பகுதியைச் சொல்லும் நேர்மைதான் காணவில்லை.

நாம் முதன்மையாகக் குற்றம் சாட்டுவது மாணவரையன்று. தண்டனை எவ்வாறு வகுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். அறுபது விழுக்காட்டுக்கு மேல் எடுத்தெழுதிய மாணவரின் பதிவு நீக்கப்படும். அத்துடன் அவர் கல்வி முடிந்தது. அதே அளவு எடுத்தெழுதிய ஆசிரியருக்கோ, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். ஆண்டு ஊதிய உயர்வு இரண்டு இல்லை. மூன்றாண்டுகள் புதிய மாணவரை வழிநடத்தலாகாது. பணிநீக்கம் வரை செல்வது மீண்டும் மீண்டும் செய்தால்தான். கற்க வந்த இளையவருக்குக் கதவடைப்பு. கற்றுத் தர வந்த மூத்தவருக்குச் சம்பளக் குறைப்பு! அறிந்தவன் பிழைக்கு அறியாதவன் பிழையைக் காட்டிலும் தண்டனை குறைவு என்பது எந்த ஊர் நியாயம்?

மேலிருந்தே நோய் இறங்கி வருகிறது என்பதற்குச் சான்று உண்டு. 2002 ஆம் ஆண்டில் குமாவூன் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பெயரில் வெளியான இயற்பியல் கட்டுரையொன்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை ரெனாட்டா கல்லோஷ் 1996-இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அங்குள்ள பேராசிரியர்கள், நோபெல் பரிசு பெற்றோரும் சேர்ந்து, அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களுக்கே மடல் எழுதும் நிலை வந்தது. விசாரணை நடந்து, 2003-இல் துணைவேந்தர் பதவி விலகினார். சில ஆண்டுகள் கழித்து, நமக்கு அருகிலுள்ள திருப்பதியின் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில், வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004-க்கும் 2007-க்கும் இடையில் வெளியிட்ட எழுபது அளவிலான கட்டுரைகள் திருட்டும் புனைவும் என்று 2008-இல் உலக இதழ்கள் எழுதின. நான்கே ஆண்டுகளில் எழுபது! ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை அறிந்த சக ஆசிரியர் ஒருவரும் வியந்து கேட்கவில்லையா? கேட்பதற்கு மாறாக எண்ணிக்கையைக் கண்டு மாலையிட்டார்கள் என்பதே நம் வருத்தம்.

எண்ணிக்கைதான் இங்கே வழிபடு தெய்வமாகிவிட்டது. 2010 ஆம் ஆண்டு விதிகள் ஆசிரியரின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளைப் புள்ளிகளாக எண்ணும் முறையைக் கொண்டு வந்தன. 2016 ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேடு அளிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று மாணவரையும் கட்டாயப்படுத்தின. வாங்குவோர் பெருகினால் கடை திறப்போர் வாராதிருப்பரா? பணம் கட்டினால் சில நாட்களிலேயே எதையும் அச்சிடும் போலி இதழ்கள் புற்றீசல் போல் கிளம்பின. மானியக் குழு தானே ஏற்றுப் பட்டியலிட்டிருந்த இதழ்களுள் 4,305 இதழ்களை 2018 மே மாதத்தில் நீக்க நேர்ந்தது. பின்னர் வேறொரு பட்டியல் வகுத்து, அதையும் 2025-இல் கைவிட்டது. மாணவர் மீதான கட்டாயத்தை 2022 ஆம் ஆண்டு விதிகள் நீக்கின. ஆயினும் எத்தனை கட்டுரை என்று கேட்கும் பழக்கம் நேர்காணல் அறைகளை விட்டுப் போகவில்லை. என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்போர் அரிது.

இந்த ஏற்பாட்டில் நசுங்குவது யார் என்பதற்கு, நாம் நன்கறிந்த ஒரு மாணவியின் நிலையைச் சொல்வோம். கடலோர ஊர்களில் பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் கிடந்த அரபுத்தமிழ் ஏடுகளைத் தேடி மூன்றாண்டுகள் அலைந்தவர் அவர். முதிய பெண்மணிகளிடம் நம்பிக்கை பெற்று, ஏடுகளைப் பிரித்து, பெயரும் அளவும் உடைமையாளரும் குறித்து ஒரு பட்டியல் தொகுத்தார். அதைப் பார்வையிட வாங்கிய நெறியாளர், ஆங்கிலக் கட்டுரையாக்கித் தம் பெயரில் மட்டும் கருத்தரங்கத் தொகுப்பொன்றில் வெளியிட்டுவிட்டார். மாணவி கண்ணீருடன் கேட்டபோது, "வாய்மொழித் தேர்வு முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பதே விடை. இறுதியில் அவருடைய ஆய்வேட்டை மென்பொருளில் இட்டபோது நேர்ந்ததென்ன? அவர் பாடுபட்டுத் தொகுத்த பட்டியலே, நெறியாளர் கட்டுரையிலிருந்து எடுத்தது என்று சிவப்புக் கோடிட்டு வந்தது! களவு கொடுத்தவர் கள்ளராகக் காட்டப்பட்டார். தம் பட்டியலைத் தாமே மாற்றி எழுதி அவர் பட்டம் பெற்றார். ஏடுகளைப் பிரித்துக் காட்டிய அந்தப் பெண்மணிகளின் பெயர் இருவர் எழுத்திலும் இல்லாமற் போயிற்று. இதில் விழுக்காடு என்ன நீதி வழங்கியது?

இவ்வாறு கேட்டால் சிலர் மறுமொழி கூறுவர். 'கல்வி பொதுச் சொத்து. அதில் எனது உனது என்பது எதற்கு?' என்பது ஒன்று. கல்வி பொதுச் சொத்துத்தான். ஆனால் அதைச் சொல்பவரின் சாட்சியம் தனிச் சொத்து. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எல்லாருக்கும் உரியது. அதற்காகக் கிணறு வெட்டியவர் பெயரை அழித்துத் தன் பெயரைச் செதுக்கலாமா? யார் சொன்னார் என்பது மறைந்தால், பிழை கண்டபோது எவரிடம் போய்க் கேட்பது?

'ஏழை வீட்டுப் பிள்ளை; முதல் தலைமுறைப் பட்டதாரி; வேலைக்காகத்தானே செய்கிறான், போகட்டும்' என்பது மற்றொன்று. இரக்கத்தின் உடையணிந்து வரும் இவ்வாதமே மிகக் கொடியது. அந்த ஏழைப் பிள்ளையோடு போட்டியிட்டு, இரவு விழித்து நேர்மையாக எழுதிய மற்றோர் ஏழைப் பிள்ளை இல்லையா? விலைக்கு எழுதி வாங்குவதற்குப் பணம் வேண்டும். பணமுள்ளவன் வாங்கிய பட்டம், பணமற்றவன் உழைத்த பட்டத்துக்கு முன் நேர்காணலில் போய் உட்காருகிறது. திருட்டுக்கு இரங்குவது ஏழைக்கு இரங்குவதாகாது.

'எல்லாரும் செய்கின்றனர்' என்பது மூன்றாவது. எல்லாரும் செய்யவில்லை. செய்யாதவர்கள் வாய் பேசாதிருப்பதால் அவ்வாறு தோன்றுகிறது.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? பல்கலைக்கழகங்கள் விழுக்காட்டுச் சீட்டைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் விசாரணையின் தொடக்கமாகக் கொள்ளட்டும். ஆய்வேட்டோடு குறிப்பேடுகளையும், கேட்ட வினாக்களையும், பெற்ற விடைகளையும் வைத்துக் காட்டச் சொல்லட்டும். யாவரும் வந்தமர்ந்து கேட்கக்கூடிய வாய்மொழித் தேர்வு பொன்னாடையும் சிற்றுண்டியுமாக முடிந்துவிடாமல், மெய்யான வினாக்களின் களமாக ஆகட்டும். தன் கையால் எழுதியவரைத் திணறடிக்க வேண்டியதில்லை. 'இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்?' என்ற ஒரே வினா எழுதாதவரைக் காட்டிவிடும். மாணவர் உழைப்பில் பெயர் பொறித்துக் கொண்ட நெறியாளருக்கு மாணவரை விஞ்சிய தண்டனை வரட்டும். குறையைச் சுட்டிக் காட்டும் இளையவரின் எதிர்காலத்துக்கு நிறுவனமே காவல் நிற்கட்டும்.

நம் குடும்பங்களுக்கும் ஒரு சொல் உண்டு. பிள்ளை முனைவர் பட்டம் பெறுகிறான் என்ற மகிழ்ச்சியில், 'எப்போது முடியும்?' என்று மட்டும் கேட்கிறோம். 'எதைப் பற்றி ஆராய்கிறாய்? எங்களுக்குப் புரியும்படி சொல்' என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். மெய்யாக உழைப்பவன் மணிக்கணக்கில் சொல்வான். சொல்லத் தெரியாதவன் கையில் நீங்கள் எதற்குப் பணம் கொடுத்தீர்கள் என்பது அப்போதே விளங்கிவிடும். 'எழுதித் தருவதற்கு ஆளிருக்கிறது. இவ்வளவு கேட்கிறார்' என்று வந்து நின்றால் பணப்பெட்டியைத் திறவாதீர்கள். அந்தப் பணம் கல்விச் செலவன்று; பொய்ச் சாட்சிக்குக் கொடுக்கும் கூலி. வீட்டிலுள்ள பழைய ஏட்டை ஆய்வாளர் எவரேனும் கேட்டு வந்தால், மனமுவந்து காட்டுங்கள். எடுத்துச் சென்றால் எழுதி வாங்குங்கள். திருப்பித் தரும் நாளைக் குறியுங்கள். நூலில் யார் வீட்டு ஏடு என்பது வர வேண்டும் என்று சொல்லுங்கள். உ.வே.சாமிநாதையர் தமக்கு ஏடு தந்தவர்களின் பெயர்களை முன்னுரைகளில் நன்றியோடு எழுதினார். அதனால் அவர் புகழ் குறைந்துவிடவில்லை.

மேடையில் பேசுவோரும் இதழ்களில் எழுதுவோரும் இக்கணக்கிலிருந்து தப்ப இயலாது. அரபு நூலின் இயல்களைத் தமிழாக்கித் தம் சிந்தனையென்று வழங்குவோர் நம்மிடையே இல்லாமலில்லை. பல்கலைக்கழகத்தைக் கேட்கும் கேள்வியை நம் முற்றத்திலும் கேட்போம். எடுத்தது எங்கிருந்து என்று சொல்வதால் எழுதியவர் சிறுமைப்படுவதில்லை; படிப்பவருக்கு மூல நூலுக்குச் செல்லும் பாதை கிடைக்கிறது.

அமானத் என்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். நூறு காசு ஒப்படைத்தவரிடம் தொண்ணூறைத் திருப்பிக் கொடுத்து, 'பத்து விழுக்காடு வரை குற்றமில்லை' என்று சொல்பவனை நாணயமானவன் என்று எந்தக் கடைத்தெருவும் ஏற்பதில்லை. கடைத்தெருவுக்கு இருக்கும் நேர்மை கல்விக்கூடத்துக்கு இருக்கக் கூடாதா? பட்டம் வழங்கும் மேடையில் நிற்போர் இதற்கு விடை சொல்லட்டும்.